அரிதிற் கிடைத்த காட்சி: முத்துக்குளித்துறைக் கடற்கரையில் திரைப்பட விருதுகளும் பிறமொழித் திரைப்படங்களும் குறித்த நினைவேக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பழைய திரைப்பட விருது விழாக்களையும், ஒரு காலத்தில் அரிதாகக் காணக் கிடைத்த பிறமொழித் திரைப்படங்களையும் எண்ணி ஏங்கும் மனநிலை இன்றைய நடுத்தர வயதுப் பார்வையாளரிடம் பரவலாகக் காணப்படுகிறது. இவ்வேக்கத்தின் பொருள் விழாவோ படமோ அன்று. அவற்றை அரிதாகவும் பலர் ஒருங்கேயும் காணச் செய்த சூழலே அதன் பொருள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தை உள்ளடக்கிய கடற்கரைப் பகுதி இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. அச்சு, வானொலி, இலங்கைத் தொலைக்காட்சி, தூர்தர்ஷன், செயற்கைக்கோள் அலைவரிசை என ஊடகங்கள் மாறிய வரிசையில் அச்சூழல் உருவாகி மறைந்த முறையும், நினைவேக்கம் மறந்துவிடும் செய்திகளும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நினைவேக்கம், விருது விழா, பிறமொழித் திரைப்படம், ரூபவாஹினி, தூர்தர்ஷன், நெய்தல், இரங்கல், சாகுபுரம்.

1. முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வு பெரும்பாலும் படைப்பு, படைப்பாளர், அரசியல் தொடர்பு ஆகிய மூன்றையே மையமாகக் கொண்டு வளர்ந்துள்ளது. பார்வையாளரை முதன்மைப்படுத்தும் ஆய்வுகள் குறைவு. அவற்றிலும் பெருநகரப் பார்வையாளரும் இரசிகர் மன்றத்தினருமே மிகுதியாகக் கவனம் பெற்றுள்ளனர். சிற்றூரில் வாழ்ந்து, தம் மொழியல்லாத மொழியில் அமைந்த படத்தை, பெரும்பாலும் பொருள் முழுதும் விளங்காமலே பார்த்தவர்களின் அனுபவம் ஆய்வுப் பொருளாவது அரிது.

அவ்வனுபவம் இன்று நினைவுக் குறிப்புகளிலும் பத்திகளிலும் நாள்தோறும் பேசப்படுகிறது. ஞாயிறு பிற்பகலில் தூர்தர்ஷனில் வந்த மாநில மொழிப் படம், மொட்டை மாடிக் கம்பத்தில் அலைவாங்கியைத் திருப்பித் திருப்பிப் பிடித்த இலங்கை ஒளிபரப்பு, நாளிதழின் ஒரு மூலையில் வெளிவந்த விருதுப் பட்டியல் ஆகியன இவ்வகை எழுத்துகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இவற்றை வெறும் பழங்கதையாகத் தள்ளிவிட இயலாது. ஒரு சமூகம் தான் எதை இழந்ததாகக் கருதுகிறது என்பதை அறிவதற்கு இவை சான்றாகின்றன. அச்சான்றைக் கொண்டு உண்மையில் இழக்கப்பட்டது எது என்பதைக் கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நினைவேக்கம்: கருத்தும் தமிழ் மரபும்

நினைவேக்கம் என இங்குக் குறிக்கப்படும் மனநிலைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லை 1688ஆம் ஆண்டு யோகான்னஸ் ஹோபர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவ மாணவர் உருவாக்கினார். வீடு திரும்புதல், துன்பம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழ்ந்தோருக்கு உண்டான நோயின் பெயராக அவர் அதனை அமைத்தார். தொடக்கத்தில் இடம் பற்றியதாக இருந்த அவ்வேக்கம் காலப்போக்கில் காலம் பற்றியதாக மாறியது.

இதனை விரிவாக ஆராய்ந்த ஸ்வெட்லானா போய்ம், 2001ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் நினைவேக்கத்தை இருவகையாகப் பகுத்தார். இழந்ததை முன்பிருந்தவாறே மீட்டெழுப்ப முயல்வது ஒன்று. இழப்பை ஒப்புக்கொண்டு, அதன் இடைவெளியில் நின்று சிந்திப்பது மற்றொன்று. முதல்வகை கடந்த காலத்தை மாசற்றதாகக் காட்டும். இரண்டாம் வகை அதன் முரண்களையும் சேர்த்து எண்ணும்.

தமிழ் மரபு இவ்வுணர்வுக்கு வேறொரு சட்டகம் தருகிறது. அகத்திணை ஒழுக்கங்களுள் கடலும் கடல்சார்ந்த நிலமுமாகிய நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும் ஆகும். இரங்கல் என்பது பிரிந்தவர் மீளாததை எண்ணி வருந்துவது மட்டுமன்று. வருந்துபவர் தாம் நிற்கும் இடத்திலிருந்தே, கண்ணுக்கு எட்டாத தொலைவை நோக்கி வருந்துவதுமாகும். சென்று அடைவதற்கு இயலாத, ஆயினும் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒன்றின்மீது கொள்ளும் உணர்வாக இதனைக் கருதலாம். கடற்கரைச் சிற்றூர்ப் பார்வையாளர் விருது பெற்ற படத்தின்மீது கொண்ட உணர்வு இதற்கு மிக அணுக்கமானது. படம் உள்ளது, அது சிறந்தது என்பது அவருக்குத் தெரியும். அதனை எங்கே எப்போது காண்பது என்பது தெரியாது.

3. களம்: சாகுபுரமும் அதன் கடற்கரையும்

சாகுபுரம் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையில், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் ஆகிய ஊர்களை அடுத்து அமைந்துள்ளது. பழங்கொற்கையும் முத்துக்குளித்துறையும் பெயர் பெற்ற இக்கடற்கரையில், 1950களின் இறுதியில் உருவான தொழில் நகரியம் அது. உப்பளங்களின் உப்பை மூலப்பொருளாகக் கொண்டு காரச்சோடா முதலான வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் ஆலையைச் சூழ்ந்து ஊர் வளர்ந்தது. ஆலையை நடத்திய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயராலேயே ஊர்ப்பெயரும் அமைந்தது.

இப்பெயர் திரைப்பட விருது வரலாற்றோடும் ஒருவகையில் தொடர்புடையது. இந்தியாவின் பழைமையான திரைப்பட விருதுகளுள் ஒன்றாகிய பிலிம்பேர் விருது 1954 மார்ச் 21ஆம் நாள் பம்பாய் மெட்ரோ திரையரங்கில் முதன்முறையாக வழங்கப்பட்டது. அவ்விதழை வெளியிட்ட பதிப்பு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து சாகு ஜெயின் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. ஒரே குடும்பப் பெயர் பம்பாயில் விருது வழங்கும் இதழோடும், தென்கோடியில் உப்பளங்களுக்கிடையே எழுந்த ஊரோடும் இணைந்திருந்தது தற்செயலே. ஆயினும் இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஆய்வுக்குரியது. விருது வழங்கப்பட்ட இடத்திற்கும் விருதுச் செய்தியை வாசித்தவர் வாழ்ந்த இடத்திற்கும் இடையே ஒரு நாடே விரிந்து கிடந்தது.

தொலைவுகளை ஒப்பிடுவதும் பயனுடையது. சாகுபுரத்திலிருந்து சென்னை நேர்க்கோட்டில் 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் உள்ள இலங்கையின் மேற்குக் கரையோ 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. தமிழகத்தின் தலைநகரைவிட இலங்கைத் தீவு அருகில் இருந்தமை இக்கடற்கரையின் கேள்வி, காட்சி அனுபவங்களைப் பெரிதும் வடிவமைத்தது.

4. காணாத விழா: அச்சும் வானொலியும்

இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகள் 1954ஆம் ஆண்டு தொடங்கின. இரண்டாம் ஆண்டிலேயே ‘மலைக்கள்ளன்’ தமிழ்ப்படத்திற்குரிய குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. பிலிம்பேர் விருதுகள் 1960களில் தென்னிந்திய மொழிகளுக்கும் விரிந்தபோது, 1963ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்பட விருது ‘நானும் ஒரு பெண்’ படத்திற்குக் கிடைத்தது. இவ்விழாக்களைத் தென்கடற்கரையினர் எவரும் கண்ணால் கண்டிலர். மறுநாள் நாளிதழிலும் மறுவாரம் வார இதழிலும் வெளிவந்த ஒரு நிழற்படமும் சில வரிகளுமே அவர்களுக்கு விழா.

இக்காலத்திற்குரிய சிறந்த எடுத்துக்காட்டு ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஆகும். 1959ஆம் ஆண்டு பி. ஆர். பந்துலு இயக்கத்தில் வெளிவந்த இப்படத்திற்காக, 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்வு செய்யப்பட்டார். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. தம் ஊர்ப்புறத்துக் கதை தமக்குத் தெரியாத நாட்டில், தம் மொழி அறியாத நடுவர்களால் பாராட்டப்பட்டது என்பதே இப்பகுதி மக்களுக்கு அவ்விருதின் பொருள். அங்கே அது பிறமொழிப் படம். இங்கே அது ஊர்க்கதை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் சிவாஜி கணேசன் பின்னர் ஒரு சிலையை நிறுவினார். படத்தின் நினைவு அதன் வழியாகக் கண்ணால் காணத்தக்க ஓரிடமாக நிலைபெற்றது. தூத்துக்குடியின் வ. உ. சிதம்பரனாரைப் பற்றிய ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961இல் வெளிவந்து, சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றதும் இவ்வரிசையில் எண்ணத்தக்கது.

திரைப்பட விழாக்களும் இக்காலத்தில் தொடங்கிவிட்டன. இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கி, சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. இத்தாலிய, ஜப்பானியப் படங்கள் சென்னைப் பார்வையாளருக்கு அறிமுகமாயின. பெருநகரத்தைக் கடந்து அவை தெற்கே வரவில்லை. தென்கடற்கரையினருக்கு இக்காலத்தில் திரையுலகை நாள்தோறும் கொண்டுவந்தது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையே. பாடலையும் உரையாடலையும் செவிவழியே கேட்டுக் காட்சியை மனத்தில் அமைத்துக்கொள்ளும் பழக்கம் அதனால் ஊன்றியது. காணாததைக் கற்பித்துக்கொள்ளும் இப்பயிற்சி பின்னர் வந்த தொலைக்காட்சிக் காலத்திற்கும் தொடர்ந்தது.

5. கடல்வழி வந்த காட்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. அதன் வீச்சு சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. 1982 பிப்ரவரி 15ஆம் நாள் ஜப்பான் நாட்டு உதவியுடன் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கப்பட்டபோது, தமிழகத்தின் தென்கடற்கரை ஊர்களில் பலருக்கு முதலில் கிடைத்த தொலைக்காட்சி அதுவே ஆயிற்று.

இதற்கான காரணம் அறிவியல் சார்ந்தது. ரூபவாஹினியின் முதன்மை ஒளிபரப்பி இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையில், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டது. அவ்வுயரத்திலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலை புவியின் வளைவுக்கு உட்பட்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரையே நேராகச் செல்லக்கூடும். சாகுபுரம் பகுதியோ சிகரத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இயல்பான கணக்கின்படி அலை அங்கு வலுவாகச் சேரக்கூடாது. ஆனால் வெதுவெதுப்பான கடற்பரப்பின்மீது காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் அடுக்கடுக்காக அமையும்போது, அலை மேலே தப்பிச் செல்லாமல் அவ்வடுக்குகளுக்கிடையே சிக்கிக் கடல்மட்டத்தை ஒட்டியே நெடுந்தொலைவு செல்லும். அமைதியான வானிலையில் படம் தெளிவாக வந்ததற்கும், காற்று மாறியதும் புள்ளிகளாகச் சிதறியதற்கும் இதுவே காரணம். உயர்ந்த கம்பமும் அலைபெருக்கியும் எஞ்சிய குறையை ஈடுசெய்தன.

எனவே இப்பார்வையாளர் பெற்ற காட்சி எந்த நிறுவனமும் அவருக்கென அனுப்பியதன்று. அது வேறொரு நாடு தன் குடிமக்களுக்காகச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் ஒளிபரப்பியது. கடலும் காற்றும் இசைந்தபோது மட்டும் இக்கரைக்கு வந்தது. சிங்களப் படத்தையும் நாடகத்தையும் மொழி தெரியாமலே பார்த்தவர் முகபாவம், இசை, காட்சி மாற்றம் ஆகியவற்றைக் கொண்டு கதையை உய்த்துணர்ந்தனர். சிங்களத் திரைப்படம் இந்தியாவுக்கு முற்றிலும் புதியதன்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘கம்பெரலிய’ 1965ஆம் ஆண்டு தில்லியில் நடந்த பன்னாட்டுத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றிருந்தது. ஆனால் விழா நடந்த தில்லிக்கு அண்டைநாட்டுக் கலைப்படமாக அறிமுகமான மொழி, தென்கடற்கரைக்கு மாலைநேரத் தொலைக்காட்சியின் மொழியாக அறிமுகமாயிற்று. பிறமொழித் திரைப்படம் என்னும் கருத்தே இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதற்கு இது சான்று.

6. ஞாயிறு பிற்பகல்

1983இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டதைத் தொடர்ந்து, 1984 முதல் நாடெங்கும் அஞ்சல் ஒளிபரப்பிகள் விரைந்து நிறுவப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பி தென்மாவட்டங்களைத் தூர்தர்ஷனின் வீச்சுக்குள் கொண்டுவந்தது. தில்லியிலிருந்து வந்த தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு பிற்பகல் மாநில மொழித் திரைப்படங்களுக்கு உரியதாயிற்று. செவித்திறன் குறைந்தோருக்கான செய்தியை அடுத்து, விருது பெற்ற படங்கள் ஆங்கிலத் துணைத்தலைப்புகளுடன் மொழிவாரியாக முறைவைத்து ஒளிபரப்பாயின. தமிழின் முறை வருவதற்குப் பல வாரம் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் அசாமியம், வங்காளம், ஒரியா, கன்னடம், மராத்தி, மலையாளம் எனப் பல மொழிப் படங்களைப் பார்த்தே தீரவேண்டிய நிலை இருந்தது. ஒரே அலைவரிசை என்பதால் மாற்றிப் பார்க்க வேறு இல்லை.

தேர்வின்மை ஒரு கல்வியாக மாறிய சூழல் இது. திரைப்படச் சங்கமோ நூலகமோ இல்லாத ஊரில், தேசிய விருதுப் பட்டியலே பாடத்திட்டமாகவும் தூர்தர்ஷனே வகுப்பறையாகவும் அமைந்தன. பலர் சலிப்புற்றனர் என்பதும் உண்மை. பாட்டும் சண்டையும் இல்லாத படத்தை ‘விருதுப் படம்’ எனக் கேலி செய்யும் வழக்கு இக்காலத்திலேயே வேரூன்றியது. ஆயினும் இன்று நினைவேக்கத்துடன் பேசப்படுவதும் அச்சலிப்பேயாகும்.

இவ்விடத்தில் கா. சிவத்தம்பியின் கருத்து பொருந்துகிறது. தமிழர் அனைவரும் வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகலை மையம் திரையரங்கே என்று அவர் சுட்டினார். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த வீடு அக்கூரையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அண்டை வீட்டார் கூடி அமர்ந்து, துணைத்தலைப்பை வாசிக்கத் தெரிந்த பள்ளி மாணவர் மற்றவர்க்குப் பொருள் கூற, ஒரு வங்காளப் படம் கூட்டாகப் பார்க்கப்பட்டது. பெனடிக்ட் ஆண்டர்சன் நாளிதழ் வாசிப்பைக் கொண்டு விளக்கிய ஒருங்குணர்வு, அதாவது தம்மைப் போலவே இதே நேரத்தில் இதையே பிறரும் காண்கின்றனர் என்னும் உணர்வு, இங்கு மிக வலுவாகச் செயல்பட்டது.

7. விழாவின் ஒளியும் பெயர் மாற்றமும்

நேரலை ஒளிபரப்பான பெருநிகழ்வுகளைப் போட்டி, வெற்றிப் பயணம், முடிசூட்டு என மூவகையாக டேனியல் தயானும் எலிஹு காட்ஸும் 1992இல் பகுத்தனர். விருது விழாவில் போட்டியும் முடிசூட்டும் ஒருங்கே அமைந்துள்ளன. ஆஸ்கர் என வழங்கும் அமெரிக்க அகாடமி விருதின் முதல் விழா 1929இல் ஏறத்தாழ கால்மணி நேரத்தில் முடிந்தது. 1953இல் அது முதன்முறையாகத் தொலைக்காட்சியில் வந்த பின்னரே உலகறிந்த சடங்காயிற்று. 1998இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர் பார்த்த விழாவை 2021இல் பார்த்தோர் ஏறத்தாழ ஒரு கோடியே. பழைய விழாவின்மீதான ஏக்கம் தமிழ்ப் பார்வையாளர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வீழ்ச்சி உணர்த்துகிறது.

தமிழ்ப் பார்வையாளரின் உறவு பிறிதொரு வகையில் தனித்தன்மை உடையது. அகாடமியின் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவு 1956ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து போட்டிப் பிரிவாயிற்று. இந்தியாவின் சார்பில் அதற்கு முதலில் அனுப்பப்பட்ட தமிழ்ப்படம் 1969ஆம் ஆண்டின் ‘தெய்வமகன்’. பின்னர் ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’, ‘இந்தியன்’ முதலியன சென்றன. அண்மையில் ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ ஆகியன சென்றன. இவற்றுள் எதுவும் இறுதிப் பரிந்துரைப் பட்டியலை அடையவில்லை. ஆண்டுதோறும் அனுப்புதலும் காத்திருத்தலும் ஏமாறுதலும் ஒரு சடங்காகவே நிகழ்ந்தன. தம் மொழிப் படம் பிறர் பட்டியலில் ‘வெளிநாட்டு மொழிப் படம்’ எனப் பெயர் பெறுவதைத் தமிழ்ப் பார்வையாளர் அப்போது உணர்ந்தனர். 2019இல் அகாடமி அப்பெயரைக் காலத்துக்கு ஒவ்வாதது எனக் கருதிப் ‘பன்னாட்டுத் திரைப்படம்’ என மாற்றியது. கெய்ரோவில் பாராட்டப்பட்ட ஊர்க்கதையையும் மாலையில் வந்த சிங்களப் படத்தையும் அறிந்த கடற்கரையினர், அயன்மை என்பது பார்ப்பவரின் நிலைகொண்டு அமைவது என்பதை முன்னரே பட்டறிந்திருந்தனர்.

ஏ. ஆர். ரகுமான் 2009ஆம் ஆண்டு இரு ஆஸ்கர் விருதுகளைப் பெற்று மேடையில் தமிழில் ஒரு தொடர் கூறியது இவ்வுறவில் ஒரு திருப்பம். இந்தியாவில் அப்போது திங்கட்கிழமைக் காலை. வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் நேரத்தில் நேரலையாகக் கண்டோர் அதனைக் கூட்டாக நினைவுகூர்கின்றனர். அதே காலத்தில் தமிழ்த் தனியார் அலைவரிசைகளின் விருது விழாக்கள் பெருகின. விழா நடந்த பல நாள்கள் கழித்து, விளம்பரங்களுக்கிடையே தொகுத்துக் காட்டப்பட்ட அவற்றின் முடிவுகள் முன்னரே அறியப்பட்டவை. காத்திருத்தலும் அறியாமையும் நீங்கியபோது விழாவின் சடங்குத்தன்மையும் நீங்கியது.

விழாவின் வடிவம் பொருளற்றதன்று என்பதை 2018 மே 3ஆம் நாள் நடந்த தேசிய விருது விழா காட்டியது. குடியரசுத் தலைவர் 11 விருதுகளை மட்டுமே வழங்குவார், ஏனையவற்றை அமைச்சர் வழங்குவார் என அறிவிக்கப்பட்டதும், விருதாளர் 50க்கும் மேற்பட்டோர் விழாவைப் புறக்கணித்தனர். பதக்கமும் பரிசுத்தொகையும் மாறவில்லை. அளிக்கும் கை மாறியது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்பட விருதை ‘டு லெட்’ பெற்றது. அதன் இயக்குநர் செழியன், ஆனந்த விகடனில் ‘உலக சினிமா’ என்னும் தொடரின் வழியாகப் பிறமொழிப் படங்களைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகம் செய்தவர். காண இயலாத படத்தைக் குறித்து வாசிக்கும் பழக்கம் கற்பனையோடு நின்றுவிடாமல் படைப்பாகவும் விளைந்தது என்பதற்கு அவரே சான்று.

8. நினைவேக்கம் மறப்பன

மேற்கூறியவற்றால் அக்காலம் பொற்காலம் எனக் கொள்ளல் பொருந்தாது. நினைவேக்கம் மறக்கும் செய்திகள் மூன்று இங்குச் சுட்டத்தக்கன.

முதலாவது, போர். இக்கரையினர் ரூபவாஹினியை வியந்து பார்த்த ஆண்டுகளே இலங்கைத் தமிழர் வாழ்வு சிதைந்த ஆண்டுகளும் ஆகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் படகுகளில் ஏதிலியர் இராமேசுவரம் கரையை அடைந்தனர். தூத்துக்குடி மாவட்டத்திலும் முகாம்கள் அமைந்தன. அலை வந்த அதே கடலில் மனிதரும் வந்தனர். அரசுத் தொலைக்காட்சி எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்ற வினாவை விடுத்து, தெளிவான வண்ணப்படத்தை மட்டும் நினைவுகூர்தல் போய்ம் கூறும் முதல்வகை ஏக்கமே ஆகும்.

இரண்டாவது, விலக்கப்பட்டோர். மின்சாரமும் பெட்டியும் இருந்த வீடுகள் சிலவே. யார் வீட்டு முற்றத்தில் யார் அமரலாம் என்பதைச் சாதியும் பாலும் வரையறுத்தன. கூட்டுப் பார்வை எல்லோருக்கும் சமமான கூட்டன்று. வீட்டுவேலை முடியாத பெண்கள் ஞாயிறு பிற்பகல் படத்தை முழுமையாகப் பார்த்திருப்பர் எனக் கருதுவதற்கில்லை.

மூன்றாவது, படங்களின் அழிவு. விருது பெற்ற எல்லாப் படங்களும் பார்வையாளரை அடையவில்லை. ஜான் ஆபிரகாம் இயக்கி, சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருது பெற்ற ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைத் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்பினால் கைவிட்டது. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து தமிழகத்தில் படமெடுத்த பாலு மகேந்திரா, தம் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய படங்களின் மூலப் படச்சுருள்கள் அழிந்துவிட்டதைப் பொதுமேடைகளில் வருந்திக் கூறினார். இரண்டும் தேசிய விருது பெற்றவை. விருதுச் சான்றிதழ் எஞ்ச, படத்தின் மூலம் எஞ்சாத நிலை இது. அரசு ஒரு படத்தைச் சிறந்ததெனப் போற்றுவதற்கும், அதனைக் காப்பதற்கும் இடையே கடமைத் தொடர்பு ஏற்படுத்தப்படவில்லை. நினைவேக்கம் விழாவைக் கொண்டாடும்போது இவ்விடைவெளி மறைந்துவிடுகிறது.

9. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. பழைய விருது விழாக்கள், பிறமொழிப் படங்கள் ஆகியவற்றின்மீதான நினைவேக்கம், அவற்றின் தரத்தைவிட அவை கிடைத்த முறையையே பற்றி நிற்கிறது. அம்முறை அரிதிற் கிடைத்தல், காத்திருத்தல், தேர்வின்மை, ஒருங்கே காணுதல் என்னும் நான்கு கூறுகளால் ஆனது. இணையவழிப் படமேடைகள் எல்லாப் படங்களையும் தருவதாகத் தோன்றும் இக்காலத்தில் இந்நான்கும் மறைந்துள்ளன. எனவே படம் கையில் இருந்தும் ஏக்கம் தணிவதில்லை.

சாகுபுரம் கடற்கரையின் அனுபவம் இக்கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. பம்பாயும் தில்லியும் வழங்கிய விருதுகள் அச்செழுத்தாக வந்தன. இலங்கையின் காட்சி காற்றின் போக்கால் வந்தது. மாநில மொழிப் படம் ஒற்றை அலைவரிசையின் முறைவைப்பால் வந்தது. இவை எவையும் அப்பார்வையாளரை எண்ணித் திட்டமிடப்பட்டவை அல்ல. வந்ததைத் தமதாக்கிக்கொண்டது அவர்களின் உழைப்பே. அவ்வுழைப்பு திரைப்பட வரலாற்றில் இடம்பெற வேண்டும்.

நெய்தல் நிலத்து இரங்கல், மீளாததை மீண்டதாகக் காட்டுவதன்று. மீளாமையை அறிந்து கரையில் நிற்பது. அவ்வகையில் இந்நினைவேக்கமும் ஆய்வுக்குப் பயன்பட வேண்டுமாயின், இரு பணிகள் உடனடியாகத் தேவைப்படுகின்றன. ரூபவாஹினியையும் தூர்தர்ஷனையும் கண்ட முதல் தலைமுறையினரின் வாய்மொழி நினைவுகளை, பெண்கள், ஏதிலியர், தெருவில் நின்று பார்த்தோர் ஆகியோருடையவற்றையும் சேர்த்து, தென்மாவட்டக் கல்லூரித் தமிழ்த்துறைகள் தொகுத்தல் ஒன்று. தேசிய விருது பெற்ற தமிழ்ப்படங்கள் ஒவ்வொன்றின் படச்சுருள் நிலையையும் பட்டியலிடுதல் மற்றொன்று. அன்று படத்தைக் காணாமல் பட்டியலை மட்டும் வாசித்தவர் தென்கடற்கரையினர். படங்கள் அழிந்தபின் வரும் தலைமுறையும் பட்டியலை மட்டுமே வாசிக்க நேர்ந்தால், அதற்குத் தொலைவைக் காரணம் கூற இயலாது.